ஸ்லோப், இன்டர்செப்ட் கண்டுபிடிச்சு கிராஃப் போடறது எப்படி

2எக்ஸ் + 3ஒய் = 12னு குடுத்து ஸ்லோப், அதாவது கோட்டோட சாய்வு, என்னன்னு கேட்டா, இங்க டெல்லில ட்யூஷன் வர்ற நம்ம பசங்க பாதிப் பேரு டக்குனு 2ம்பாங்க, இன்டர்செப்ட், அதாவது கோடு ஒய் ஆக்சிஸ வெட்டற எடம், 12ம்பாங்க. ரெண்டுமே தப்பு. ஒய்-ஐ தனியா நிக்க வைக்காம எந்த நம்பரையும் நம்பாதீங்க.

2எக்ஸ் அந்தப் பக்கம் போனா 3ஒய் = -2எக்ஸ் + 12. இப்ப எல்லாத்தையும் 3ஆல வகுக்கணும், 12ஐயும் சேத்துதான், அதத்தான் நிறைய பேரு விட்டுடறாங்க. ஒய் = -2/3 எக்ஸ் + 4. எக்ஸ் கூட ஒட்டிட்டு இருக்கற -2/3 ஸ்லோப், தனியா இருக்கற 4 இன்டர்செப்ட்.

கிராஃப்ல முதல் புள்ளி ஒய் ஆக்சிஸ்ல 4. ஸ்லோப்ப -0.66னு தசமமா மாத்திடாதீங்க, பின்னமாவே இருக்கட்டும், ஏன்னா அதுலயே வழி இருக்கு: கீழ இருக்கற 3 வலது பக்கம் 3 கட்டம், மேல இருக்கற 2 மைனஸ்ங்கறதால 2 கட்டம் கீழ எறங்கணும். (3, 2) வந்துடும். அதே மாதிரி இன்னொரு தடவ போனா (6, 0). கோடு போட ரெண்டு புள்ளி போதும்தான், ஆனா மூணாவது வச்சே ஆகணும்னு நான் சொல்லுவேன், ஸ்கேல் வச்சா மூணும் ஒண்ணா சேரலன்னா எங்கயோ கணக்கு உதைக்குதுன்னு அர்த்தம்.

எக்ஸ் = 3 மாதிரி வந்தா நேரா செங்குத்துக் கோடுதான், அதுக்கு ஸ்லோப் கெடையாது.

இது நல்லா மனசுல பதியணும்னா ஆட்டோ மீட்டர எடுத்துக்கோங்க. 2023 ஜனவரில டெல்லில வந்த ரேட்டு, முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூவா, அதுக்கப்புறம் கிலோமீட்டருக்கு 11. எக்ஸ் கிலோமீட்டர், ஒய் ரூவான்னு வச்சா ஸ்லோப் 11, அதுல சந்தேகமே இல்ல. இன்டர்செப்ட் 30னு எழுதிடுவாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கறாங்க, ஏன்னா அந்த 30 எக்ஸ் 1.5ல இருக்கறப்போ உள்ள மதிப்பு, நமக்கு வேணுங்கறது எக்ஸ் 0ல. அதனால 1.5 பின்னாடி போகணும், 1.5 × 11 = 16.5, அத 30ல கழிச்சா 13.5. ஒய் = 11எக்ஸ் + 13.5. ஆனா 1.5 வரைக்கும் நெஜத்துல 30லயே படுத்த கோடு, அதுக்கப்புறம்தான் இந்தச் சாய்வு. 5.5 கிலோமீட்டர் போட்டுப் பாருங்க, 60.5 + 13.5 = 74. மீட்டர் கணக்குலயும் 30 + 44, அதே 74தான்.