கண்புரை: காலம் கடந்த அறிவுரைகளால் வரும் தவறுகள்

"புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்." கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்குவதே கண்புரை; அதன் விஷயத்தில் மக்கள் அதிகம் செய்யும் தவறு இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பாட்டனார் காலத்தில் இது நல்ல அறிவுரைதான். அன்றைய அறுவையில் முற்றாத லென்ஸை எடுத்தால், கூழ் போன்ற அதன் மிச்சம் கண்ணுக்குள் தங்கி அழற்சியை உண்டாக்கும். எடுத்த லென்ஸுக்கு மாற்றும் கிடையாது. தடித்த கண்ணாடி ஒன்றே கதி. அதை அணிந்தால் எதிரில் உள்ளவை கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஓரத்திலிருந்து ஆட்கள் திடீரென்று முளைத்து வருவார்கள். ஆகவே, பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போனபின் கத்தி வைப்பதே லாபம்.

1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் இந்தக் கணக்கை மாற்றினார். பல் மருத்துவர் மீயொலிக் (காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வு) கருவியால் பல்லைச் சுத்தம் செய்ததைக் கண்டு, அதே அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டே போதும். ஆனால் இந்த முறையில் முற்றிய புரைதான் தொல்லை. லென்ஸ் கெட்டியாகக் கெட்டியாக அதிர்வின் ஆற்றலைக் கூட்ட வேண்டும். அந்த ஆற்றல் கார்னியாவின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) உட்புற உயிரணுக்களைத் தாக்கும். அழிந்த அணுக்கள் மறுபடி வளர்வதில்லை. ஒரேயடியாக முற்றவிட்டால் லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். எப்போது செய்வது என்பதற்கு அளவுகோல் புரையின் முதிர்ச்சி அல்ல. படிப்பது, வண்டி ஓட்டுவது, படி இறங்குவது ஆகியவை சிரமமாகிவிட்டனவா என்பதுதான் கேள்வி.

சிலருக்கு இதற்கு நேர்மாறாக ஒரு மயக்கம் வரும். பல ஆண்டுகளாக வாசிப்புக் கண்ணாடி போட்டவர் ஒருநாள் அது இல்லாமலே செய்தித்தாள் படிப்பார். கண் திருந்திவிட்டது என்று வீடே மகிழும். உண்மையில் லென்ஸின் நடுப்பகுதி இறுகி, ஒளியை அதிகமாக வளைக்கத் தொடங்கியிருக்கிறது. தூரப்பார்வை மங்கியதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். புரையைக் கரைப்பதாக விற்கப்படும் சொட்டு மருந்துகளுக்குப் புகழ் கிடைப்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எந்தச் சொட்டும் புரையைக் கரைக்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

அடுத்தது, எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வைக்கும் செயற்கை லென்ஸ். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அக்ரிலிக் கூரை சிதறி, அதன் துகள்கள் விமானிகளின் கண்ணில் தைத்தன. கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்காததைக் கவனித்தார் ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். இயற்கை லென்ஸின் வடிவத்தை ஒட்டிச் செய்தது அது. அக்ரிலிக்கோ ஒளியை இன்னும் கூடுதலாக வளைக்கும். நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. லென்ஸ் நிலைத்தது, பவர் தவறியது.

பவர் தவறுவது இன்றும் நடக்கக்கூடியதே. கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) அளவுக்கு மாறிவிடும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அளவெடுப்பதற்கு முன் மருத்துவர் சொல்லும் காலம்வரை அதைக் கழற்றி வைக்காமல் போவதும், முன்பு கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொண்டதைச் சொல்லாமல் விடுவதும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்களும் அதைச் சொல்லியாக வேண்டும். அந்த மருந்து கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் துவளச் செய்து அறுவையைச் சிக்கலாக்கும். சிறுநீர் மருந்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

விலை உயர்ந்த லென்ஸ்தான் சிறந்த லென்ஸ் என்று எண்ணுவது இன்னொரு தவறு. பல தூரங்களைக் காட்டும் லென்ஸ், உள்ளே வரும் ஒளியைப் பங்கு போட்டே அதைச் செய்கிறது. இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான மென்மையான வேறுபாடு தெளிவாகத் தெரியாமல் போகலாம். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கும் விழித்திரை பழுதானவருக்கும் ஒரே தூரத்தைத் தெளிவாகக் காட்டும் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸும் ஒரு வாசிப்புக் கண்ணாடியுமே மேல் என்பது என் கருத்து.

அறுவைக்குப் பிறகும் பழைய காலம் விடுவதில்லை. வெட்டைத் தைக்கும் வழக்கம் வராத நாட்களில் தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து நோயாளியை அசையாமல் படுக்க வைத்தார்கள். இன்று அப்படிக் கிடக்கத் தேவையில்லை. கண்ணைக் கசக்காமல் இருப்பதும், சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை கண்ணில் போட்டுவருவதும் முக்கியம். பார்வை தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, வந்த பார்வை மீண்டும் குறைந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. உள்ளே தொற்று ஏற்பட்டிருந்தால் சில மணி நேரத்தில் பார்வை பறிபோகலாம்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெல்ல மங்கினால் கதை வேறு. "புரை திரும்பி வந்துவிட்டது" என்று மனம் உடைகிறவர்கள் உண்டு. எடுத்த புரை திரும்பாது. செயற்கை லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறைதான் பின்புறம் மங்கியிருக்கும். வெளிநோயாளியாகவே சென்று சில நிமிடங்களில் லேசரால் அதன் நடுவில் ஒரு திறப்பு போட்டுக்கொள்ளலாம். கத்தியோ புது லென்ஸோ வேண்டியதில்லை.