வலது மார்பின் நீலப் பட்டை: அமெரிக்கத் தரைப்படையின் யூனிட் விருதைச் சரிபார்க்கும் முறை

அமெரிக்கத் தரைப்படையின் சீருடையில் இடது மார்பில் இருக்கும் ரிப்பன்கள் ஆளுக்குக் கிடைத்தவை. வலது மார்பில், தங்க நிறச் சட்டத்துக்குள் இருப்பவை அவர் இருந்த யூனிட்டுக்கு, அதாவது படைப்பிரிவுக்குக் கிடைத்தவை. பழைய புகைப்படத்தையோ பெட்டிக்குள் கிடக்கும் சீருடையையோ வைத்து ஆராய்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது இந்த வலது பக்கத்தில்தான். விருது யூனிட்டுடையது. ஆகவே எந்தத் தேதிகளில் நடந்த செயலுக்காக யூனிட்டுக்கு விருது கிடைத்தது, அந்தத் தேதியில் இந்த ஆள் அங்கே இருந்தாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே ஆதாரம் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டினால் பெரும்பாலும் தவறிவிடும்.

முதலில் ரிப்பனை அடையாளம் காணுங்கள். தனி நீலமாக இருந்தால் அது பிரசிடென்ஷியல் யூனிட் சைட்டேஷன். 1942 பிப்ரவரி 26 அன்று ‘டிஸ்டிங்குவிஷ்டு யூனிட் சைட்டேஷன்’ என்ற பெயரில் தொடங்கியது. 1966இல்தான் இன்றைய பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத் தாள்களில் புதிய பெயரைத் தேடினால் கிடைக்காது. தனி ஒருவர் செய்திருந்தால், தரைப்படையின் இரண்டாவது உயர்ந்த வீர விருதான டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராஸ் கொடுக்கத் தகுந்த அளவு வீரத்தை ஒரு யூனிட் மொத்தமும் காட்டியிருக்க வேண்டும் என்பதே இதன் அளவுகோல். அதற்கு அடுத்த யூனிட் விருதான வேலரஸ் யூனிட் அவார்டுக்கு, தனி ஆளுக்கான அடுத்த நிலை வீர விருதான சில்வர் ஸ்டார் அளவு. இது 1963 ஆகஸ்ட் 3 முதலான செயல்களுக்கு மட்டும். தனிச் சிவப்பு என்றால் மெரிட்டோரியஸ் யூனிட் கமெண்டேஷன். இது வீரத்துக்கல்ல, நீண்ட காலச் சிறப்புப் பணிக்கு.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம். அப்போது படத்தின் ஆண்டைப் பாருங்கள். மெரிட்டோரியஸ் விருதுக்குச் சிவப்பு ரிப்பன் வந்தது 1960களில்தான். அதற்கு முன் அது வலது கையின் கீழ்ப்பகுதியில், 2 அங்குலச் சதுரத் துணியில் பொன்னிறமாகத் தைத்த இலை வளையமாக இருந்தது. ஆகவே 1945ஆம் ஆண்டுப் படத்தில் ஒரே நிறத்தில், சட்டத்துக்குள் ஒரு பட்டை தெரிந்தால் அது நீலம்தான். ஒரே பட்டைக்குள் செங்குத்தாக மூன்று சம வண்ணக் கோடுகள் தெரிந்தால் பிலிப்பைன்ஸ் குடியரசின் யூனிட் விருதாக இருக்கலாம்.

பட்டையின் மேல் சிறிய இலைக்கொத்து இருந்தால் எண்ணுங்கள். முதல் விருதுக்கு வெறும் பட்டை. அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்கல ஓக் இலை. ஐந்து வெண்கலத்துக்குப் பதில் ஒரு வெள்ளி. எனவே ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் இருந்தால் மொத்தம் ஏழு விருதுகள். அந்த முதல் ஒன்றைக் கூட்ட மறப்பது வழக்கமான பிழை.

அடுத்தது உத்தரவு. ஒவ்வொரு யூனிட் விருதும் ‘ஜெனரல் ஆர்டர்’ ஒன்றில் எண்ணும் ஆண்டும் இட்டு அறிவிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தரைப்படையே வெளியிட்ட இரண்டு பதிவேடுகள் போதும்: இரண்டாம் உலகப் போருக்கும் கொரியப் போருக்கும் பாம்ஃப்லெட் 672-1, வியட்நாமுக்கு 672-3. யூனிட்டின் வகையையும் எண்ணையும் வைத்துத் தேடினால் விருது, செயல் நடந்த தேதிகள், உத்தரவு எண் மூன்றும் கிடைக்கும். பதிவேட்டோடு நிறுத்திவிடாதீர்கள். மூல உத்தரவைத் தேடிப் படியுங்கள். சிக்கல்கள் எல்லாம் அதன் அடைப்புக்குறிகளுக்குள்தான் இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் ஊரில் நடந்த முற்றுகையை எடுத்துக்கொள்வோம். 1944 டிசம்பர் 18 முதல் 27 வரை அந்த ஊரைக் காத்ததற்காக 101ஆம் வான்வழி டிவிஷனுக்கு நீலப் பட்டை கிடைத்தது. ஒரு முழு டிவிஷனுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. உத்தரவு 1945ஆம் ஆண்டின் 17ஆம் எண். அதைப் படித்தால் 401ஆம் கிளைடர் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் நீங்கலாக என்று இருக்கும். அதே உத்தரவில், டிவிஷனைச் சேராத 705ஆம் டேங்க் டெஸ்ட்ராயர் பட்டாலியனும், 10ஆம் கவச டிவிஷனின் காம்பேட் கமாண்ட் பி பிரிவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கும். தோளில் 101இன் கழுகுச் சின்னம் இல்லாத ஒருவர் பாஸ்டோனுக்காக நீலப் பட்டை அணிந்திருந்தால் அவரைச் சந்தேகிக்க இதனால் இடமில்லை. கழுகு இருப்பதாலேயே உரிமை உண்டு என்றும் சொல்ல முடியாது.

இதிலிருந்து வரும் விதி: டிவிஷன், ரெஜிமென்ட், பட்டாலியன், கம்பெனி என்ற இறங்கு வரிசையில் விருது மேலிருந்து கீழே பாயும், கீழிருந்து மேலே ஏறாது. ரெஜிமென்ட் முழுவதற்கும் கிடைத்தால் அதன் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரு கம்பெனிக்கு மட்டும் கிடைத்தால் பக்கத்துக் கம்பெனிக்கு இல்லை, பட்டாலியனுக்கும் இல்லை. ‘தலைமையகம்’ என்று மட்டும் குறித்திருந்தால் அந்தத் தலைமையகத்தோடு நின்றுவிடும். தற்காலிகமாக இணைந்து போரிட்ட யூனிட்டுகளுக்கு, உத்தரவில் பெயர் இருந்தால்தான் உண்டு. ‘தாத்தா இன்ன டிவிஷனில் இருந்தார்’ என்ற தகவல் ஆகவே பயன்படாது. ஏ, பி, சி என்று கம்பெனிக்கு இட்ட எழுத்து வரை தெரிய வேண்டும்.

இனி ஆள் அங்கே இருந்தாரா என்பது. இதுதான் கடினம். இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாயின் விடுவிப்புத் தாள் 53-55 எண் படிவம். அதன் 6ஆம் கட்டத்தில் இருக்கும் யூனிட்டை அப்படியே நம்பாதீர்கள். 1945இல் யார் முதலில் ஊர் திரும்புவது என்பதைப் புள்ளிகளை வைத்து முடிவு செய்தார்கள். அதற்காக ஆட்களை யூனிட் விட்டு யூனிட் மாற்றினார்கள். அந்தக் கட்டத்தில் பல நேரம் இருப்பது அவரைக் கப்பலேற்றிய யூனிட், அவர் போரிட்ட யூனிட் அல்ல. 32ஆம் கட்டத்துப் போர்க்களங்களையும் 36ஆம் கட்டத்துப் பயணத் தேதிகளையும் பதிவேட்டின் தேதிகளோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் யூனிட் தவறு.

முழுப் பணிக்கோப்பு செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கும். எஸ்எஃப் 180 படிவத்தில் முழுப்பெயர், படை எண், பிறந்த தேதி, பணிக்காலம் ஆகியவற்றைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்திருந்தால் கோப்பு யாருக்கும் திறந்தது. கடக்காவிட்டால் அவரோ நெருங்கிய உறவினரோ கேட்க வேண்டும். ஒரு கசப்பான உண்மை: 1973 ஜூலை 12 அன்று அங்கே பிடித்த தீயில், 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தன.

கோப்பு எரிந்துபோயிருந்தால் ‘மார்னிங் ரிப்போர்ட்’ கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் எழுதிய வருகைப் பதிவு அது. படிக்கும் முறை தெரியாமல் பலர் ஏமாந்துபோவதும் இதில்தான். அது பெயர்ப்பட்டியல் அல்ல. மாற்றங்களை மட்டும் குறிக்கும். யார் வந்து சேர்ந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பினார் என்பதே இருக்கும். போர் நாளில் அவர் பெயர் இல்லை என்றால் அவர் இல்லை என்று பொருளல்ல, நிலை மாறவில்லை என்று பொருள். எனவே அந்த நாளை மட்டும் பார்க்காமல், அவர் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கி விருதுக் காலம் முடியும் வரை தொடர்ந்து பாருங்கள். சேர்ந்த பதிவு இருந்து, போன பதிவு இல்லாவிட்டால் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார்.

இப்போது அணிவது. விருதுக் காலத்தில் அங்கே இருந்தவர் வாழ்நாள் முழுவதும், எந்த யூனிட்டுக்கு மாறினாலும் அணியலாம். பின்னால் வந்து சேர்ந்தவர் அந்த யூனிட்டில் இருக்கும் வரை அணிந்து, மாறும்போது கழற்றிவிட வேண்டும். தன் மூத்தவர்கள் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்ததைப் புதிதாக வந்த இளைஞனும் சுமக்க வேண்டும் என்று தரைப்படை நினைத்தது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. ஆனால் ஆய்வாளருக்கு இது ஒரு பொறி. 1980ஆம் ஆண்டுப் படத்தில் இருபது வயதுச் சிப்பாய் ஐந்தாறு பட்டைகளோடு நிற்பார். அவர் போரையே பார்த்திருக்க மாட்டார். பொய்யும் இல்லை. அவருடைய விடுவிப்புத் தாளான டிடி 214இல் அவை இருக்கக் கூடாது, அவ்வளவே.

காட்சிப் பெட்டியில் சீருடையை அடுக்குபவர்களுக்கு: சட்டத்தோடு பட்டையின் அளவு 1 7/16 அங்குல அகலம், 9/16 அங்குல உயரம். வலது பையின் மேல் விளிம்புக்கு 1/8 அங்குலம் மேலே, நடுவில் வர வேண்டும். சட்டத்தின் இலை நுனிகள் மேல் நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகக் குத்தியவை ஏராளம். உயர்ந்த விருது அணிபவரின் வலது ஓரத்தில், வரிசைக்கு மூன்று. கடற்படையின் விதிகள் வேறு. அவர்களுடைய பிரசிடென்ஷியல் யூனிட் சைட்டேஷன் நீலம், பொன், சிவப்பு என மூன்று கிடைக்கோடுகள் கொண்டது.

தாளில் விடுபட்ட விருதையும் சேர்க்கலாம். வியட்நாமில் பணியாற்றியவரின் டிடி 214இல் தென் வியட்நாம் அரசு கொடுத்த, பனையோலை வடிவச் சின்னம் கொண்ட ‘கேலன்ட்ரி கிராஸ்’ யூனிட் விருது இல்லையா? 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் உத்தரவு அதை அங்கிருந்த தரைப்படை யூனிட்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வழங்கியது. உத்தரவு எண், தேதி, அவர் அங்கிருந்ததற்கான சான்று ஆகிய மூன்றையும் இணைத்து எழுதினால் திருத்தத் தாளான டிடி 215 வரும். உத்தரவு எண் இல்லாமல் ‘இந்த யூனிட்டுக்குக் கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம்’ என்று மட்டும் எழுதினால், தேடும் வேலை முழுவதும் அலுவலரின் தலையில் விழும். பதிலும் அதற்கேற்பத் தாமதமாகும்.