கெட்டி மெத்தைதான் முதுகுக்கு நல்லதா? மெத்தை வாங்கும்போது செய்யும் தவறுகள்

அப்பாவுக்கு முதுகுவலி வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் செய்த காரியம், பழைய இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டதுதான். "முதுகுவலியா? நல்லா கெட்டியா ஒண்ணு வாங்குங்க" என்று சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கடையில் இருந்ததிலேயே கெட்டியான தென்னைநார் மெத்தையை வாங்கி வந்தோம். அப்பா 85 கிலோ, மல்லாந்து படுப்பவர். அவருக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அம்மாதான் மாட்டிக்கொண்டார். 48 கிலோ உடம்பு, ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். பத்து நாளில் வலது கை மரத்துப்போகிறது, தோள் குடைகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், பழைய ரஜாய் ஒன்றை இரண்டாக மடித்துத் தன் பக்கத்தில் மட்டும் போட்டு அதன்மேல் படுத்திருக்கிறார்.

கெட்டியாகப் படுத்தால் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வெளியானது. நாள்பட்ட அடிமுதுகு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுத்திருக்கும்போது வலி, எழும்போது வலி இரண்டிலுமே நடுத்தர மெத்தைக்காரர்கள்தான் மேலாக இருந்தார்கள். நடுத்தரம் என்றால் அமுங்கிப் போகும் மெத்தை இல்லை. மேலே கொஞ்சம் இடம் கொடுத்து, அடியில் தாங்குவது.

ஒரே மெத்தை ஏன் ஒருவருக்குக் கல்லாகவும் இன்னொருவருக்குப் பள்ளமாகவும் இருக்கிறது? ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் தோளிலும் இடுப்பு எலும்பிலும் இறங்குகிறது. அந்த இரண்டும் கொஞ்சம் உள்ளே போனால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். எடை குறைந்தவர் கெட்டி மெத்தையில் உள்ளே இறங்கவே மாட்டார், மேலேயே நிற்பார். இடுப்பு பக்கவாட்டில் வளையும், தோள் நசுங்கும், கை மரத்துப்போகும். அம்மாவுக்கு நடந்தது இதுதான். அதே மெத்தையில் 85 கிலோக்காரர் தேவையான அளவு இறங்கிவிடுவார். ஆக, ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு, அதுவும் ஒல்லியானவர்களுக்கு, கொஞ்சம் மெத்தென்று இருப்பது நல்லது. மல்லாந்து படுப்பவர்களுக்கு நடுத்தரத்திலிருந்து சற்றுக் கெட்டி. குப்புறப் படுப்பவர்கள் மெத்தென்ற பக்கமே போகக் கூடாது. வயிறும் இடுப்பும் அமுங்கி அடிமுதுகு வில்லாக வளைந்துவிடும். எந்தப் பக்கம் படுத்தாலும், எடை கூடக் கூட இன்னும் கொஞ்சம் இறுக்கம் தேவைப்படும்.

கடையில் 'ஆர்த்தோ' (எலும்புக்கு நல்லது என்ற பொருளில்) என்று எழுதியிருப்பதை மருத்துவரின் சீட்டு போல நம்புகிறோம். அது வியாபாரப் பெயர். ஒரு கம்பெனியின் ஆர்த்தோ இன்னொரு கம்பெனியின் ஆர்த்தோவைப் போல இருக்காது. ஆன்லைனில் இறுக்கத்துக்கு 10-க்கு 7 என்று போடும் எண்ணும் அப்படித்தான். அதில் 10 என்றால் மிகக் கெட்டி. மேலே சொன்ன ஆய்வில் அளவுகோல் தலைகீழ், 1-தான் மிகக் கெட்டி. அடுத்து டென்சிட்டி. '40 டென்சிட்டி சார், நல்லா கெட்டியா இருக்கும்' என்பார்கள். 40 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று அர்த்தம், அவ்வளவுதான். எத்தனை வருடம் தாங்கும் என்பதை அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இறுக்கம் வேறு கணக்கு. டென்சிட்டி கூடுதலாக இருந்தும் மெத்தென்று இருக்கும் ஃபோம் உண்டு.

கையால் அமுக்கிப் பார்ப்பது, ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது இரண்டும் வீண். வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். மல்லாந்து படுப்பவர் என்றால் இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் இடுப்பு புதைந்திருந்தால் மெத்து அதிகம். லேசாகத் தொட்டுக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுப்பவர் கூட வந்தவரிடம் போனைக் கொடுத்து முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை கோடு நேராகப் போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மெமரி ஃபோம் வாங்குவதாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அது சூட்டில் இளகும். ஏசி கடையில் இறுக்கமாகத் தெரிந்தது, சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் நன்றாகவே அமுங்கும்.

மெத்தையை மாற்றிவிட்டுத் தலையணையை மறந்துவிடுவார்கள். கெட்டி மெத்தையில் தோள் இறங்காததால் தலைக்கும் மெத்தைக்கும் இடைவெளி அதிகம். ஒருக்களிப்பவருக்கு உயரமான தலையணை வேண்டும். மெத்தென்ற மெத்தைக்கு மாறினால் அதே தலையணை கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும். பல நேரம் கழுத்துவலிக்குக் காரணம் இதுதான், பழி விழுவது மெத்தை மேல்.

அதேபோல, நடுவில் தொய்ந்த கட்டில் பலகையின்மேல் எந்த மெத்தையைப் போட்டாலும் பள்ளம்தான். புதிது வாங்கும் முன் பழைய மெத்தையைத் தரையில் போட்டு இரண்டு ராத்திரி படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் மாற்ற வேண்டியது கட்டிலை. வலியோடு காலில் மரத்துப்போவதோ பலம் குறைவதோ இருந்தால் மெத்தைக் கடைக்குப் போக வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

அம்மாவின் பிரச்சினையை எப்படித் தீர்த்தோம் என்றால், 72 அங்குலக் கட்டிலில் 36 அங்குல மெத்தைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். அப்பா பக்கம் நடுத்தரத்துக்குச் சற்று மேல், அம்மா பக்கம் மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ் (ரப்பர் ஃபோம்) வைத்தது. இப்படிச் செய்வதாக இருந்தால் இரண்டின் உயரத்தையும் கடையிலேயே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அரை அங்குல வித்தியாசம்கூட ராத்திரி புரளும்போது முழங்கையில் தட்டும்.