டா வின்சியின் பறக்கும் பொறிகளைச் சித்திர வகுப்பில் படிப்பது எப்படி?

லியனார்டோ டா வின்சி வரைந்த பறக்கும் பொறி ஒன்றின் படியைக் கையில் கொடுத்தால், மாணவர்களில் பெரும்பாலோர் உடனே வெளிக்கோட்டை வரைந்து நிழலிடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடவிடாதீர்கள். எந்தப் பகுதி அசைகிறது, எது அதை இழுக்கிறது, மனிதன் எங்கே நிற்கிறான் அல்லது படுத்திருக்கிறான் என்பவற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கயிறு கப்பியைத் தாண்டி எங்கே போகிறது என்று தேடும்போதுதான், ஒருவர் தாளிலேயே யோசித்த தடம் இது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அடுத்தது நிழற்கோடுகள். அவர் இடக்கைப் பழக்கமுடையவர் என்பதால், கோடுகள் பெரும்பாலும் மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாகச் சரிகின்றன. வலக்கைப் பிள்ளைகள் தம் பழக்கத்தில் எதிர்ச்சரிவாக இழுப்பார்கள். அழிறப்பரை நீட்ட வேண்டாம், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். ஓரக் குறிப்புகள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை என்பதை ஒரு சிறிய முகக்கண்ணாடி காட்டிவிடும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது இறக்கைகளுக்கே. 1480களின் பிற்பகுதியில் தொடங்கி, இன்று பாரிசில் உள்ள ‘பி’ எனப்படும் அவருடைய கையெழுத்துப் பிரதியில், மனித உடலின் வலுவால் இறக்கையடிக்கும் பொறிகளும், கஞ்சியிட்ட லினன் துணியாலான திருகு வடிவப் பொறியும் உள்ளன. ஏறத்தாழ 1505இல் எழுதி, இன்று தூரின் நகரில் உள்ள பறவைப் பறப்புச் சுவடியிலோ, காற்றும் சமநிலையுமே அவருடைய கவனத்தை ஈர்க்கின்றன. இந்த மாற்றத்தை வகுப்பறையில் விளக்குவதைவிடத் திருகோணமலையில் கடலோரம் உள்ள கோணேசர் கோயில் மலையில் காட்டுவது எளிது. கடற்காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேலெழும்போது, செம்பருந்து இறக்கையை அடிக்காமலே மிதக்கும். ஒரு படத்துக்கு அரை நிமிடம் என்று கணக்கு வைத்து, விரிந்த இறக்கையையும் திரும்பும்போது அது சாயும் சாய்வையும் மட்டும் சில கோடுகளில் பிடிக்கச் சொல்லுங்கள். (இறங்கும் வழியில் பிரெட்ரிக் கோட்டையின் மான்கள் கவனத்தைக் கலைக்கும், அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.)

பிறகு வௌவால். இறகுகளுக்கிடையே காற்றுப் புகும், வௌவாலின் தோலோ அதைப் புகவிடாது என்பதால், பொறிக்கு வௌவாலையே மாதிரியாகக் கொள்ளுமாறு டா வின்சி குறித்திருக்கிறார். ஈர்க்கிலை எலும்பாக்கி, மூட்டுகளை நூலால் கட்டி, பட்டம் ஒட்டும் தாளைத் தோலாகப் போர்த்தி ஓர் இறக்கை செய்யச் சொல்லுங்கள். மடக்கி விரிக்கும்போது தாள் பெரும்பாலும் மூட்டருகில்தான் கிழியும். கிழிந்த இறக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலப் படத்தை மறுபடி வரையும்போது, முதல் நாள் கண்ணில் படாத கீலும் முடிச்சும் கோட்டில் வந்து சேரும்.