போன் போர்ட்ரெய்ட் படம் கம்ப்யூட்டரில் ஏன் கெடுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். அவருடைய அப்பத்தா தவறி ஐந்தாம் நாள். சட்டம் போட்டு மாட்ட 12-க்கு 18 அங்குலத்தில் ஒரு படம் வேண்டும், அதையே அஞ்சலி பேனருக்கும் வைக்க வேண்டும். அழகர்கோயிலுக்குப் போனபோது போனில் போர்ட்ரெய்ட் மோடில், அதாவது பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் முறையில், எடுத்த படம். அப்பத்தா நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். நல்ல படம்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால், இடது காதுத் தண்டட்டியின் கீழ்ப்பாதி பின்னாலிருந்த மரத்தோடு கரைந்து போயிருந்தது. வலது காதில் அதற்கு நேர்மாறு. பின்னணி முழுக்க மங்கியிருக்க, வடிந்த காதின் வளையத்துக்குள் தெரிகிற இலைகள் மட்டும் பளிச்சென்று நின்றன.

"அண்ணே, இதைக் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம்ல?"

"பண்ணலாம் தம்பி. ஆனா இந்தப் படத்துல முடியாது. அந்தப் போனைக் குடுங்க."

போர்ட்ரெய்ட் படங்களோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எடிட்டிங்கில் வந்த கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் படம் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்த வழியிலேயே அது கெட்டிருக்கும்.

போர்ட்ரெய்ட் மோடில் எடுப்பது ஒரே படம் இல்லை, ஒரு பொட்டலம். மங்கல் ஏறாத அசல் படம் அதில் இருக்கும். எது பக்கம், எது தூரம் என்று போன் கணித்த ஆழ வரைபடம் இருக்கும். எவ்வளவு மங்கலாக்குவது, எந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவது, எந்த வண்ண அளவில் படிப்பது என்ற குறிப்புகளும் கூடவே இருக்கும். போனில் பார்க்கும்போது இவை எல்லாம் சேர்ந்து ஒரு படமாகத் தெரிகின்றன. கம்ப்யூட்டருக்கு வரும்போது பொட்டலம் பிரிந்து ஏதாவது ஒன்று விழுந்துவிடுகிறது. எது விழுந்தது என்று பார்க்காமலே பிரஷ்ஷைக் கையில் எடுப்பதுதான் முதல் தவறு.

வாட்ஸ்அப்பில் வாங்கிய படத்தில் வேலையைத் தொடங்காதீர்கள்

12 மெகாபிக்சல் போன் படம் என்பது 4032-க்கு 3024 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். மொத்தப் பிக்சலில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்தத் தம்பி கேட்ட 12-க்கு 18 சட்டத்துக்கு அசலை வெட்டினால் அங்குலத்துக்கு 224 பிக்சல் கிடைக்கும், சுவரில் மாட்ட அது தாராளம். வாட்ஸ்அப் படத்தில் கிடைப்பது 89 தான். முகச் சுருக்கங்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆழ வரைபடம் சுத்தமாகப் போய்விடும், படம் எடுத்த தேதி முதலான எக்ஸிஃப் குறிப்புகளும் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே வரும். கேபிள் இன்னும் நல்லது.

கேபிளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐபோனை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிப் படங்களை இழுத்தால், பாதியில் 'சாதனம் வேலை செய்யவில்லை' என்கிற மாதிரி ஒரு பிழை வந்து நின்றுவிடும். கேபிளை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள். போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றி மாற்றி அனுப்ப முயல்வதில் வருகிற தடுமாற்றம் இது. ஐபோன் செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதிக்குப் போய், 'மேக் அல்லது பிசிக்கு மாற்றுதல்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருப்பதைக் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும், அசலும் கைக்கு வரும். ஐகிளவுட் என்ற ஆப்பிளின் இணையச் சேமிப்பில் இடம் மிச்சப்படுத்தும் வசதியைப் போட்டிருந்தால் அசல் போனிலேயே இருக்காது. படத்தை முதலில் முழுதாகப் போனில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படி வந்த ஃபோல்டரைத் திறந்தால் ஒரே படம் இரண்டு பெயரில் கிடக்கும். ஐஎம்ஜி என்ற எழுத்துகளுக்குப் பின் 'இ' சேர்ந்தது ஒன்று, சேராதது ஒன்று, பக்கத்தில் ஏஏஇ என்று முடிகிற ஒரு குட்டிக் கோப்பு. 'இ' உள்ளதில் மங்கலும் திருத்தமும் ஏறியிருக்கும், இல்லாதது அசல். 'மங்கல் போய்விட்டது, கம்ப்யூட்டர் கெடுத்துவிட்டது' என்று வருகிறவர்கள் பலர் அசலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள். எதையும் அழிக்க வேண்டாம். இரண்டும் தேவைப்படும்.

ஐபோனின் எச்இஐசி வடிவக் கோப்பு திறக்கவில்லை என்றதும் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். உளுந்து டப்பாவில் துவரை என்று எழுதி ஒட்டுவது போலத்தான் அது, உள்ளே இருப்பது மாறாது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இந்த வடிவத்தில் சேமிக்கின்றன. விண்டோஸில் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஹீஃப், எச்இவிசி என்ற இரண்டு எக்ஸ்டென்ஷன்களும் இருக்க வேண்டும். பழைய ஃபோட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப் போட்டும் திறக்கலாம், அது இலவசம். முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றி மாற்றாதீர்கள். ஆழ வரைபடம் போவது ஒருபுறம். வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படத்தை யார் கையிலோ கொடுக்கிறோம் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

தண்டட்டியை எப்படி மீட்டோம்

ஆழ வரைபடம் படத்தைவிட மிகக் குறைந்த பிக்சலில்தான் இருக்கும். அதனால் முகத்தின் உருவத்தைச் சரியாகப் பிடித்துவிடும், மெல்லியதையும் ஓட்டையானதையும் தவறவிடும். நம் ஊரில் எடுக்கிற படங்களில் அப்படிப்பட்டவைதானே அதிகம்! கொண்டையைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மல்லிகை மொட்டுகள், ஜிமிக்கி, கலைந்த முடி, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிகிற இடைவெளி. மல்லிகைச் சரத்தில் தலையை ஒட்டிய மொட்டு தெளிவாகவும், வெளியே நிற்கும் மொட்டு பஞ்சு மாதிரியும் வரும்.

மங்கிய படத்தில் ஷார்ப்பன் செய்து இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண். கரைந்த இடத்தில் விவரமே இல்லை, இல்லாததைக் கூர்மையாக்க முடியாது. சுற்றி வெள்ளைக் கோடு விழுவதுதான் மிச்சம். விவரம் அசல் படத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

அப்பத்தா படத்தில் மங்கல் உள்ளதைக் கீழேயும், மங்கல் இல்லாத அசலை அதன் மேலேயும் லேயர்களாக, அதாவது அடுக்குகளாக, வைத்தேன். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (மறைப்பு) போட்டால் அது முழுக்க மறைந்துவிடும், மாஸ்க்கில் வெள்ளை பூசுகிற இடம் மட்டும் தெரியும். பிறகு 200 சதவீதம் பெரிதாக்கி, ஓரம் கொஞ்சம் மென்மையான சின்ன பிரஷ்ஷால் தண்டட்டி இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளை பூசிக்கொண்டே போனேன். மரத்துக்குள் இருந்து தங்கம் வெளியே வந்தது. வலது காதுக்கு வேலை தலைகீழ். அங்கே வளையத்துக்குள் இருந்த இலைகளைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, சுற்றியுள்ள அளவுக்கு மங்கலாக்கினேன். இரண்டு காதுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆனது.

இரண்டு பிரதி இல்லையே என்றால் பெரும்பாலும் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஐபோனில் படத்தை டூப்ளிகேட் செய்து, ஒன்றில் மட்டும் எடிட் பக்கத்தில் போர்ட்ரெய்ட்டை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும். பல போன்களில் எடுத்த போனின் சொந்த கேலரியில் மட்டும்தான் மங்கலைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆகவே போனை மாற்றுவதற்கும், பழைய போனை விற்பதற்கும் முன்னால் முக்கியமான படங்களை மங்கல் இல்லாமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் ஐபோனின் எச்இஐசி அசலைத் திறந்தால், ஆழ வரைபடம் சேனல்ஸ் பகுதியில் தனி ஆல்ஃபா சேனலாக, ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாதிரி, வந்து நிற்கும். லென்ஸ் பிளர் ஃபில்டரில் அதைக் கொடுத்து மங்கலை நாமே புதிதாகப் போடலாம். அதற்கு முன் அந்தச் சேனலிலேயே தண்டட்டியையும் பூவையும் முகத்தின் சாம்பல் நிறத்துக்குப் பூசிவிட்டால் ஓரம் சுத்தமாக வரும்.

நாமே மங்கல் போடும்போது

பின்னணியைத் தேர்ந்தெடுத்துக் காசியன் பிளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரைப் போட்டால் தலையைச் சுற்றி ஒரு கறுப்பு நிழல் ஒளிவட்டம் மாதிரி படரும். முடியின் நிறம் பின்னணிக்குள் கசிவதால் வருவது அது. பின்னணி லேயரில் முதலில் ஆளையே நீக்கி, அந்த இடத்தைச் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிட்டு, அதற்கப்புறம் மங்கலாக்குங்கள். ஆளை அதன் மேல் தனி லேயராக வையுங்கள்.

திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே ஆளை நிற்கவைத்து எடுக்கிற முழு உருவப் படத்தில் வேறொன்று நடக்கும். பின்னணி முழுவதையும் ஒரே அளவுக்கு மங்கலாக்கினால், காலடித் தரையும் மங்கி ஆள் அந்தரத்தில் மிதப்பார். காலுக்குப் பக்கத்துத் தரை தெளிவாக இருந்து, பின்னால் போகப் போக மங்க வேண்டும். முதல் வரிசைத் தூணைவிடக் கடைசி வரிசைத் தூண் அதிகம் மங்க வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் மாஸ்க் போட்டால் இது வந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆளை வெட்டி ஒட்டிய மாதிரி இருந்தால் புள்ளிகளைக் கவனியுங்கள். முகத்தில் கேமராவின் பொடிப் புள்ளிகள் இருக்கும், மங்கலாக்கிய இடம் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். பின்னணிக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும்.

நிறமும் முகமும்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018-இலிருந்து செல்போனுக்குத் தடை. அதனால் படமெல்லாம் வெளியே, வெயிலில், கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்ததாகவே வருகிறது. வானம் வெளுத்து முகம் இருண்டிருக்கும். உடனே மொத்தப் படத்தையும் பிரைட்னஸ் ஏற்றாதீர்கள், கோபுரச் சிற்பங்கள் வெளுத்துப் போகும். நிழல் பகுதியை மட்டும் ஏற்றுங்கள். நிறத்தைச் சரிசெய்ய வெள்ளை எது என்று மென்பொருளுக்குக் காட்டும்போது வேட்டியைத் தொடாதீர்கள். நீலம் போட்ட வேட்டி அது. தொட்டால் முகம் மஞ்சளடிக்கும். மல்லிகை மொட்டும் சுத்த வெள்ளை இல்லை. நிழலில் இருக்கிற வெள்ளைத் தாளோ சாம்பல் சுவரோ கிடைத்தால் அதைத் தொடலாம்.

ஐபோன் 7-இலிருந்து படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற வண்ண அளவில் பதிவாகின்றன. அதைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் குங்குமம் செத்துப்போய், தோல் சாம்பலடித்துத் தெரியும். நிறம் போய்விட்டது என்று சாச்சுரேஷனைக் கூட்டி அனுப்பினால், பிரின்டில் முகம் தக்காளி மாதிரி வரும். அச்சுக்குக் கொடுக்கும் முன் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண அளவுக்கு மாற்றுங்கள். 'கன்வர்ட்' என்பதைத்தான் அழுத்த வேண்டும். 'அசைன்' அழுத்தினால் எண்கள் அப்படியே இருக்க நிறம் மட்டும் மாறிவிடும்.

முகத்தை வெளுக்க வைப்பதை நான் செய்வதில்லை, கேட்டாலும் பேசிப் புரியவைப்பேன். போனின் பியூட்டி வசதி ஏற்கெனவே ஒரு முறை வெளுத்து, சுருக்கத்தை வழித்துத்தான் அனுப்புகிறது. அதன்மேல் நாமும் ஒருமுறை வழித்தால் கன்னத்துக்கும் நெற்றிக்கும் வித்தியாசம் போய்விடும். செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கும் செயலிகளிலும் இதே கவனம் வேண்டும். சின்னப் படத்தைக் கொடுத்தால் கண்ணையும் பல்லையும் அவை தாமாகவே வரைந்து தருகின்றன. அந்தத் தம்பி வருமுன்பே வீட்டில் ஒரு செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறார். படம் பளபளவென்றுதான் வந்தது. அவருடைய அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இது எங்காத்தா இல்லய்யா" என்று சொல்லிவிட்டார். இறந்தவர் படத்தில் பிக்சல் குறைந்தால்கூடப் பரவாயில்லை. பார்வை மாறக் கூடாது.

திரும்பி நிற்கும் படங்கள்

நெட்டுவாக்கில் எடுத்தது கம்ப்யூட்டரில் படுத்துக் கிடந்தால், திருப்பு என்ற குறிப்பைச் சில பழைய மென்பொருள் படிக்கவில்லை என்று அர்த்தம். திருப்பிப் புதுப் பெயரில் சேமித்தால் தீர்ந்தது. செல்ஃபி இடவலம் மாறி வருவது அப்படியில்லை. கடைப் போர்டின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தாலோ, முந்தானை வலது தோளில் கிடந்தாலோ கண்டுபிடித்துவிடலாம். டிசைனுக்குத் தோதாக இருக்கிறதென்று நாமே படத்தைப் புரட்டினாலும் இதே கதைதான். மூக்குத்தி பக்கம் மாறியதை முதலில் கண்டுபிடிப்பது வீட்டுப் பெண்கள்.

பாஸ்போர்ட் அளவுக்கு போர்ட்ரெய்ட் மோடே வேண்டாம். காதோரமும் முடியோரமும் வெட்டுப்படும். வெள்ளைச் சுவர் முன் சாதாரண மோடில் எடுங்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413-க்கு 531 பிக்சல். முதலில் அந்த விகிதத்தில் வெட்டி, பிறகு சுருக்குங்கள். இழுத்துப் பொருத்தினால் முகம் நீளும். விண்ணப்பத்தில் 50 கேபிக்குள் கேட்டால் பிக்சலைக் குறைத்துக் கொண்டுவாருங்கள், தரத்தை மட்டும் குறைத்தால் முகம் கட்டம் கட்டமாகிவிடும்.

ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, திரும்ப ஜேபெக்காகவே சேமிப்பதைப் பழக்கமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் தேயும். ஃபோட்டோஷாப் என்றால் பிஎஸ்டி, ஜிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப் வடிவில் லேயர்களோடு வைத்துக்கொண்டு, கடைசியில் ஒருமுறை ஜேபெக் எடுங்கள்.

அப்பத்தா படத்தைப் பெரிதாகப் போடுமுன் 4-க்கு 6-இல் ஒன்று அச்செடுத்துக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். என் திரையின் வெளிச்சம் கூடுதலாக இருந்திருக்கிறது, அச்சில் முகம் ஒரு சுற்று இருட்டாக வந்திருந்தது. உள்ளே போய்க் கொஞ்சம் ஏற்றி மறுபடி எடுத்தேன். தம்பி அதைக் கையில் வாங்கி, முதலில் இடது காதைத்தான் பார்த்தார். அப்புறம் போனில் அத்தைக்கு வீடியோ கால் போட்டு, அந்த அச்சைக் கேமரா முன்னால் பிடித்தார்.