எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தை மாற்றினேன்

எலுமிச்சை மரத்தின் தண்டைச் சுற்றியிருந்த பாத்தி எப்போதும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனாலும் மதியமானால் இலைகள் துவண்டன, பிஞ்சுகள் உதிர்ந்தன. கிளை நுனிக்கு நேர் கீழே ஒரு சாண் ஆழம் மெதுவாகக் கிளறிப் பார்த்தேன். நூல் போன்ற வேர்கள் அங்கேதான் பின்னிக் கிடந்தன, மண்ணோ காய்ந்து பொடியாக உதிர்ந்தது.

தண்டை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் மரத்தைத் தாங்கும் தடித்த வேர்கள். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள், கிளைகள் விரிந்திருக்கும் குடைக்கு வெளியேயும் பரவியிருக்கும். தண்டடியில் ஈரம் தேங்கினால் பட்டை அழுகும் ஆபத்து வேறு!

சரி என்று பழைய பாத்தியை மூடி, குடை ஓரத்தில் வட்டமாக அகலப் பாத்தி போட்டேன். தினமும் கொஞ்சம் ஊற்றுவதை விட்டு, மேல்மண் காய்ந்த பிறகு மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விடுகிறேன். தொழு உரத்தையும் அந்த வட்டத்தில்தான் தூவுகிறேன், கொத்துவதே இல்லை, கொத்தினால் அந்த மெல்லிய வேர்கள்தான் முதலில் அறுபடும். மேலே சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். அடுத்த துளிர் பருவத்திலேயே இலை நிமிர்ந்தது, பிஞ்சும் நின்றது. மரம் வளர வளர வட்டத்தையும் வெளியே நகர்த்த வேண்டும்.