டி.வி. கேஸ் போடக் கைக்காசு வேண்டாம்: வடசென்னைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. பேச்சு வழக்கில் டி.வி. (டொமஸ்டிக் வயலன்ஸ்) கேஸ். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்காகவே பலர் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையமும் மத்திய அரசின் நிர்பயா நிதியில் நடக்கின்றன. வக்கீல் கட்டணத்தைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழுக்காக அலைய வேண்டாம்.

அடி விழுந்த அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். காயம் சிறியதாக இருந்தாலும் போங்கள். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்பார். பக்கத்தில் புருஷனோ மாமியாரோ நிற்பார்கள், "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று வாயில் வந்துவிடும். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறும். ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் உங்களுக்கு எதிராக நீட்டுவார். கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, யார், எதால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் அடித்தார் என்று சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி வாங்க என்ன செய்ய வேண்டும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையம். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். "பேசி அனுப்புறோம்" என்று இருவரிடமும் எழுதி வாங்குவது வழக்கம். சமாதானமாகப் போவது உங்கள் விருப்பம். ஆனால் வெற்றுத்தாளிலோ, படிக்காத தாளிலோ கையெழுத்து வேண்டாம். வீட்டுக்குத் திரும்ப முடியாத இரவென்றால் 181-ஐ அழையுங்கள். சகி மையத்தில் 5 நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் அரசு விடுதிக்கு அனுப்பிவைப்பார்கள்.

அடுத்தது ராஜாஜி சாலை. கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். டி.ஐ.ஆர். என்கிற சம்பவ அறிக்கையை அவர்தான் படிவம் 1-இல் பதிவார். சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில், நடக்கிற தூரத்தில்தான். இரண்டையும் ஒரே காலையில் முடித்தால் ஒருநாள் கூலியோடு போகும். ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். டி.ஐ.ஆர். தாமதமானாலும் நடுவர் (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் போடும் மனுவை நிறுத்த வேண்டாம்: அந்த அறிக்கை இல்லாமலும் நடுவர் உத்தரவு போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனு எழுதும்போது கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே மனுவில் கேட்டுவிடுங்கள். பாதுகாப்புக்குப் பிரிவு 18, வீட்டில் இருக்கும் உரிமைக்கு 19, செலவுக்கு 20, பிள்ளைகளுக்கு 21, நஷ்ட ஈட்டுக்கு 22. பலர் 23-ஐ விட்டுவிடுகிறார்கள். இடைக்கால உத்தரவு தருவது அதுதான். படிவம் 3-இல் அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) சேர்த்தால், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே உத்தரவு கேட்கலாம். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும், அதனால்தான் 23 இவ்வளவு முக்கியம்.

ஹவுசிங் போர்டு ஒதுக்கீடு கணவர் பெயரில் இருந்தாலும், வீடு மாமனாருடையதாக இருந்தாலும், அங்கே குடும்பம் நடத்தியிருந்தால் அது 'பகிர்ந்து வாழ்ந்த வீடு'. அங்கே இருக்க உங்கள் பெயரில் பத்திரம் தேவையில்லை. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

ஜீவனாம்சம் கேட்டால் சொத்து, வருமான விவர அபிடவிட் கட்டாயம். அதில்லாமல் மனு அப்படியே கிடக்கும். கணவர் துறைமுகத்திலோ எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலையிலோ வேலை செய்தால் கம்பெனிப் பெயரும் விலாசமும் எழுதுங்கள். பணம் கட்டத் தவறினால், அதைச் சம்பளத்திலிருந்து நேராக உங்களுக்குக் கொடுக்க நடுவர் ஆணையிடலாம்.

வழக்கு இழுப்பதற்குப் பெரிய காரணம் விலாசம். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் எழுதினால் நோட்டீஸ் 'ஆள் இல்லை' என்று திரும்பி வரும். இரண்டு எண்ணையும், மாடியையும், பக்கத்துக் கோயிலையோ ரேஷன் கடையையோ அடையாளமாக எழுதுங்கள்.

உத்தரவு கிடைத்ததும் நகல் இலவசம். ஒன்றை எப்போதும் கைப்பையில் வையுங்கள். கணவர் அதை மீறினால் பிரிவு 31-இன் கீழ் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 100-ஐ அழைக்கும்போது "கோர்ட் ஆர்டர் இருக்கு, அதை மீறுறாரு" என்று முதலிலேயே சொல்லுங்கள்.